பயிர்களோடு பழகிய பேரறிஞர்

பெரிய பொருளைக் கண்டு வியப்பவர் பலர்; சிறிய பொருளைக் கண்டு சிந்திப்பவர் சிலர். முகில் தவழும் மலையும் கரை காணாக் கடலும் எவர் கண்ணையும் கவரும். காலின் கீழ்க் கிடக்கும் புல்லின் முளையோ எவர் கருத்தையும் எளிதில் ஈர்ப்பதில்லை. அம்முளையின் முன் நாட்கணக்காக அமர்ந்து, அது சொல்லாமற் சொல்லும் செய்தியைக் கேட்டறிந்த பேரறிஞர் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின் என்பவரே அவர். இளமையில் அவர் கடல் கடந்து சென்று கண்டவற்றைப் பலரும் அறிவர். முதுமையில் தம் இல்லத்தின் அறைக்குள்ளே இருந்தவாறே அவர் கண்ட ஒன்றை அறிந்தவர் சிலரே. உலகைச் சுற்றி வந்த அப்பெரியாருக்கு ஒரு புல்லின் முளையும் ஓர் உலகமாக விளங்கிற்று.

இளமைப் பருவம்

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். எட்டு வயதிலேயே டார்வின் தம் அன்னையை இழந்தார். பள்ளிப் பாடங்களில் அவர் மனம் ஊன்றவில்லை. வண்டுகளைப் பிடிப்பதிலும், கற்களைத் திரட்டுவதிலும், காடு மேடெல்லாம் சுற்றுவதிலுமே அவருடைய பொழுது கழிந்தது. மகன் எதற்கும் உதவாதவனாகிக் குடிப்பெயரைக் கெடுத்துவிடுவானோ எனத் தந்தையார் கவன்றார்.

தம்மைப் போலவே மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஆதலின் 1825-ஆம் ஆண்டில் அவரை எடின்பரோ நகருக்கு அனுப்பினார். மயக்க மருந்து வழங்காத காலம் அது. நோயாளர் அலற அலறச் செய்யப்பட்ட அறுவையைக் காணப் பொறாமல் டார்வின் அறையை விட்டே ஓடிவிட்டார். மருத்துவக் கல்வி அவ்வளவில் முடிந்தது. பின்னர்ச் சமயப் பணிக்கு உரியவராகுமாறு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே ஹென்ஸ்லோ என்னும் தாவரவியற் பேராசிரியரின் நட்பு அவருக்கு வாய்த்தது. வீணாகத் திரியும் இளைஞர் என்று பிறர் எண்ணிய ஒருவரிடத்தில், இயற்கையை உற்று நோக்கும் அரிய கண் இருப்பதை அவ்வாசிரியர் கண்டுகொண்டார்.

ஹென்ஸ்லோவின் பரிந்துரையால் 'பீகிள்' என்னும் கப்பலிற் செல்லும் வாய்ப்பு டார்வினுக்குக் கிடைத்தது. 1831-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் புறப்பட்ட அக்கப்பல் 1836-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மீண்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் தென் அமெரிக்காவின் காடுகளையும் மலைகளையும், பசிபிக் கடலின் தீவுகளையும் கண்டார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறித் திரிந்தே பல்கின என்னும் எண்ணத்திற்கு அப்பயணமே வித்தாயிற்று. அவ்வித்து முளைத்து வளர்ந்து, 1859-ஆம் ஆண்டில் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் பெருநூலாக வெளிவந்தது. அந்நூல் எழுப்பிய புயல் உலகறிந்தது.

டௌன் இல்லம்

கடற்பயணத்தினின்று மீண்ட சில ஆண்டுகளில் டார்வினின் உடல் நலம் குன்றிற்று. 1839-ஆம் ஆண்டில் அவர் எம்மா என்னும் அம்மையாரை மணந்தார். 1842-ஆம் ஆண்டில், கெண்ட் வட்டாரத்திலுள்ள டௌன் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தார். அதன்பின் நாற்பதாண்டுகள், தம் இறுதி நாள் வரையில், அவ்வீடே அவர்க்குக் கல்விக்கூடமாகவும் ஆய்வுக்கூடமாகவும் விளங்கிற்று. தலைச்சுற்றலும் வயிற்று நோயும் அவரை ஓயாது வருத்தின. ஒரு நாளிற் சில மணி நேரமே உழைக்க இயன்றது. அச்சில மணி நேரத்தையும் அவர் ஒரு நொடியும் வீணாக்காது போற்றினார்.

அவ்வில்லத்தில் இன்பமும் துன்பமும் கலந்தே இருந்தன. பிறந்த குழந்தைகள் பதின்மருள் மூவர் இளமையிலேயே மறைந்தனர். அவர்களுள் ஆனி என்னும் அருமை மகள் 1851-ஆம் ஆண்டில் பத்தாவது வயதில் இறந்தாள். அத்துயர் டார்வினின் நெஞ்சை விட்டு என்றும் நீங்கவில்லை.

நோயும் துயரும் சூழ்ந்த அவருக்கு மரமும் செடியும் கொடியும் உற்ற தோழர்களாயின. ஒரு முறை அவர் நோய்ப் படுக்கையில் இருந்தபோது ஒரு கொடியைத் தொட்டியில் வைத்துத் தம் அறைக்குக் கொணர்ந்தார். அதன் இளநுனி எங்ஙனம் அசைகின்றது என்பதை இரவும் பகலும் நோக்கினார். பற்றுவதற்குக் கொம்பு தேடுவது போல அந்நுனி மெல்ல மெல்லச் சுற்றி வந்தது. வெப்பமான நாளில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணியும் எட்டு நிமிடமும் ஆயின. செடி கொடிகள் அசைவற்றவை என்று உலகம் எண்ணியிருந்தது. அவை அசைகின்றன என்பதையும், நாம் பொறுமையின்றிப் பார்ப்பதனாலேயே அவ்வசைவு நமக்குப் புலப்படவில்லை என்பதையும் டார்வின் உணர்ந்தார். கொடிகளின் அசைவைப் பற்றி 1865-ஆம் ஆண்டில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி வெளியிட்டார்.

தந்தையும் மைந்தரும்

டார்வினின் மைந்தருள் ஒருவர் பிரான்சிஸ் என்பவர். அவர் மருத்துவம் பயின்றவர். ஆயினும் அத்தொழிலை மேற்கொள்ளாது, மணம் முடித்த பின் டௌன் ஊரிலேயே தங்கித் தந்தையாருக்குத் துணைபுரிந்து வந்தார். 1876-ஆம் ஆண்டில் அவருடைய இளமனைவி ஓர் ஆண் மகவை ஈன்று இறந்துபட்டார். உள்ளம் உடைந்த பிரான்சிஸ் கைக்குழந்தையோடு தந்தையார் இல்லத்திற்கே வந்து சேர்ந்தார். முதியோர் இருவரும் பேரக் குழந்தையைத் தம் குழந்தையாகவே வளர்த்தனர்.

மகனைத் தேற்றுதற்குத் தந்தையாரிடம் சொல் இருந்ததோ இல்லையோ, தொழில் ஒன்று இருந்தது. இருவரும் சேர்ந்து தாவரங்களின் அசைவை ஆராயத் தொடங்கினர். அப்போது டார்வினுக்கு வயது அறுபத்தெட்டு அளவில் இருக்கும். உலகப் புகழ் வந்துவிட்டது, செல்வமும் குறைவில்லை. ஓய்ந்திருந்தால் எவரும் குறை கூறார். எனினும் அவர் தொட்டியில் விதையிட்டு, முளை வரும் வரை காத்திருக்கும் சிறுவனைப் போல ஆவலோடு காத்திருந்தார்.

முளைப்புல் சொன்ன செய்தி

சாளரத்தின் அருகில் வைத்த செடி வெளிச்சத்தை நோக்கி வளைவதை யாவரும் கண்டிருப்பர். அது வளைவது எங்ஙனம்? வளையும் இடத்திலேயே ஒளி பட்டு அவ்விடத்தை வளைக்கின்றது என்பதே அக்காலத்து அறிஞர் பலருடைய கருத்து. டார்வின் அதனை ஆராயாமல் ஏற்றுக்கொள்ள விரும்பவில்லை.

ஆராய்ச்சிக்கு அவர் கானரிப் புல் என்னும் ஒருவகைப் புல்லையும், ஓட்ஸ் என்னும் தானியப் பயிரையும் தேர்ந்தெடுத்தார். இவை முளைக்கும்போது முதலிலை, கூர்மையான குழல் போன்ற ஓர் உறைக்குள் மூடப்பட்டிருக்கும். குருத்துறை எனப்படும் அவ்வுறை மிக மங்கலான ஒளிக்கும் வளையும் தன்மையது. வளைவு முதலில் நுனியருகே தோன்றிப் பின்னரே படிப்படியாகக் கீழிறங்குவதைத் தந்தையும் மைந்தரும் கண்டனர். நுனிக்கும் அடிக்கும் ஏதோ தொடர்பு இருத்தல் வேண்டும் என்ற ஐயம் அவர்கள் உள்ளத்தில் எழுந்தது.

அவ்வையத்தைத் தீர்க்க அவர்கள் கையாண்ட கருவிகள் விலையுயர்ந்தவை அல்ல. மெல்லிய ஈயத் தகட்டைச் சுருட்டிச் சிறு தொப்பி போலச் செய்து முளையின் நுனியில் மட்டும் கவிழ்த்தனர். ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழுமாறு வைத்தனர். அடிப்பகுதி முழுவதும் ஒளி பட்டது. ஆயினும் முளை வளையவில்லை. தொப்பியின் பாரமோ உறுத்தலோ வளைவைத் தடுத்திருக்கக் கூடுமன்றோ? அதனையும் தெளிதல் வேண்டும் என்று கண்ணாடியாலாகிய சிறு குழாய்களைச் செய்தனர். சிலவற்றிற்கு மை பூசிக் கறுப்பாக்கினர். சிலவற்றை வாளா விட்டனர். ஒளி புகும் குழாய் அணிந்த முளைகள் வளைந்தன. கருங்குழாய் அணிந்தவை நிமிர்ந்தே நின்றன. நுனியை விட்டு அடிப்பகுதியை மட்டும் மறைத்தபோதோ, மறைந்த அப்பகுதியும் ஒளியை நோக்கி வளைந்தது. நுனியையே வெட்டிவிட்டால் முளை ஒளியை அறியாதது போலாயிற்று.

இவற்றால் ஓர் உண்மை புலனாயிற்று. ஒளியை உணர்வது நுனி. வளைவது அதன் கீழுள்ள பகுதி. பாம்பைக் காண்பது கண், துள்ளுவது கால். இரண்டிற்கும் இடையே செய்தி செல்ல நரம்பு உண்டு. நரம்பில்லாத புல்லின் முளையில் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் செல்வது யாது? ஏதோ ஒன்று மேலிருந்து கீழே செலுத்தப்படுகின்றது என்பதை டார்வின் துணிந்து கூறினார். அஃது இன்ன பொருள் என்று அவர் கூறவில்லை. அறிந்ததை அறிந்த அளவில் உரைத்து, அறியாததைப் பின்வருவோர்க்கு விட்டுவைத்தார்.

வேர்களைப் பற்றியும் அவர்கள் ஆராய்ந்தனர். அவரை முளையின் வேரைக் கிடையாக வைத்தால் அது கீழ்நோக்கி வளையும். நுனியை வெட்டினாலும் சுட்டாலும் வேர் வளர்கின்றது; ஆனால் கீழ்நோக்கி வளைவதில்லை. மண்ணின் ஈர்ப்பை உணர்வதும் வேரின் நுனியே என இதனால் தெளிந்தனர். இவ்வாராய்ச்சிகள் யாவும் 1880-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 'தாவரங்களின் இயங்கும் ஆற்றல்' என்னும் நூலாக வெளிவந்தன. மகனின் துணையால் எழுதப்பட்டது என்பதை அந்நூலின் முகப்பிலேயே தந்தையார் பொறித்திருந்தார்.

எதிர்ப்பும் ஏளனமும்

அக்காலத்தில் தாவர ஆராய்ச்சிக்குத் தலைமையிடமாக விளங்கியது ஜெர்மனி. அங்கே வூர்ட்ஸ்பர்க் நகரில் ஸாக்ஸ் என்னும் பேராசிரியர் பெரிய ஆய்வுக்கூடம் நடத்தி வந்தார். பிரான்சிஸும் 1878-ஆம் ஆண்டில் அங்குச் சென்று அவரிடம் பயின்றவரே. ஆயினும் டார்வினின் முடிவுகளை ஸாக்ஸ் ஏற்கவில்லை. அவருடைய உதவியாளர் ஒருவர் வேர்நுனிச் சோதனையைத் திரும்பச் செய்து, முடிவு மாறாக இருப்பதாக அறிவித்தார். பயிற்சியில்லாத இருவர் நாட்டுப்புற வீடொன்றில் செய்த சோதனைகளுக்கு மதிப்பில்லை என ஸாக்ஸ் கருதினார். வியன்னா நகரத்து அறிஞர் வீஸ்னர் என்பவரும் 1881-ஆம் ஆண்டில் டார்வினின் முடிவுகளை மறுத்து ஒரு நூலே எழுதினார்.

வீஸ்னரின் மறுப்பு பண்பாடு நிறைந்தது. அதனைப் படித்த டார்வின் சினந்தாரில்லை. மாறாகத் தம்மை மறுத்தவரின் நயத்தக்க முறையைப் பாராட்டி மடல் எழுதினார். தம் பிழையென உணர்ந்தவற்றை ஒப்புக்கொள்ள அவர் என்றும் தயங்கியதில்லை. பிழையன்று எனத் தோன்றியவற்றை விட்டுக்கொடுத்ததும் இல்லை. செடிகளின் அசைவுகள் எல்லாம் நுனியின் சுற்றசைவிலிருந்தே பிறந்தவை என்று அந்நூலில் அவர் கொண்ட கருத்தைப் பின்வந்தோர் முழுதும் ஏற்றிலர். நுனியிலிருந்து ஏதோ ஒன்று செல்கின்றது என்ற முடிவோ காலத்தை வென்று நின்றது.

அவ்வெற்றியைக் காண அவர் உயிரோடு இல்லை. 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் டௌன் இல்லத்தில் டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. பிரான்சிஸ் கேம்பிரிட்ஜ் சென்று தாவரவியல் ஆசிரியராகிப் புகழ் பெற்றார்.

விடை கண்ட வழித்தோன்றல்கள்

டார்வின் விட்டுச் சென்ற வினாவைப் பல நாட்டு அறிஞர் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்தனர். 1894-ஆம் ஆண்டில் ரோதர்ட் என்பவர் அச்சோதனைகளை மீண்டும் நுணுகிச் செய்து, டார்வினின் முடிவே சரியென உறுதிப்படுத்தினார். டென்மார்க்கைச் சேர்ந்த பாய்சன் ஜென்சன் 1910-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, இடையில் ஊன்பசைக் கூழை வைத்து, அதன்மேல் மீண்டும் நுனியைப் பொருத்தினார். கூழைக் கடந்தும் செய்தி சென்றது, முளை வளைந்தது. ஒளி படாத பக்கத்திற் காக்காய்ப்பொன் தகட்டைச் செருகியபோதோ வளைவு நின்றது. ஆதலின் அச்செய்தி கூழினூடே கரைந்து செல்லத்தக்க ஒரு பொருள் என்பதும், நிழற்பக்கமாகவே அது கீழிறங்குகின்றது என்பதும் விளங்கின. ஹங்கேரி நாட்டுப் பால் என்பவர் 1919-ஆம் ஆண்டளவில், வெட்டிய நுனியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். இருட்டிலேயே முளை மறுபக்கம் வளைந்தது. ஒளியே இல்லாதபோதும், அப்பொருள் இறங்கிய பக்கம் மிகுதியாக வளர்ந்தமையே அதற்குக் காரணம்.

ஹாலந்து நாட்டு யூட்ரெக்ட் நகரில் தாவரவியற் பேராசிரியர் ஒருவரின் மகனாராகிய பிரிட்ஸ் வென்ட் என்னும் இளைஞர், 1926-ஆம் ஆண்டில் அப்பொருளையே பிரித்தெடுத்தார். முளைகளின் நுனிகளை வெட்டிக் கடற்பாசிக் கூழாகிய அகர்க் கட்டியின்மேல் சில நேரம் வைத்தார். நுனியினின்று பொருள் கட்டிக்குள் இறங்கிற்று. பின்னர் நுனிகளை நீக்கி, அக்கட்டியின் சிறு துண்டை நுனியிழந்த முளையின் ஒரு பக்கத்தில் வைத்தார். முளை வளைந்தது! கட்டியிற் பொருள் மிகுந்தால், ஓர் அளவு வரை, வளைவும் மிகுந்தது. தந்தையும் மகனும் டௌன் ஊரிற் தொடங்கிய பணியை, வேறொரு தந்தையின் மகன் முடித்து வைத்தார். பிரான்சிஸ் டார்வின் இறந்தது 1925-ஆம் ஆண்டில். இன்னும் ஓராண்டு வாழ்ந்திருப்பின் தந்தையார் கூறிய மெய்யைக் கண்ணாரக் கண்டிருப்பார்.

வளர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அவ்வளர்ச்சிப் பொருளுக்கு 'ஆக்ஸின்' என்னும் பெயர் பிறந்தது. 1934-ஆம் ஆண்டில் கோகல் முதலிய வேதியியலார், இண்டோல் அசெட்டிக் அமிலம் என்னும் எளிய பொருளுக்கு அவ்வாற்றல் இருப்பதைக் கண்டனர்.

ஒரு துளியின் பேராற்றல்

இளந்தளிரிலும் தண்டின் நுனியிலும் ஆக்ஸின் மிகுதியாக உண்டாகின்றது. அங்கிருந்து அறை அறையாகக் கீழ்நோக்கிச் செல்கின்றது. ஒவ்வோர் உயிரணுவின் சுவரோரத்திலும், அதனை வெளியேற்றும் வாயில்கள் போன்ற புரதங்கள் ஒரு பக்கமாக அமைந்துள்ளன. வாயில் இருக்கும் பக்கமே பொருள் செல்லும் பக்கம். ஆதலின் ஆக்ஸின் மனம் போனவாறு பரவாமல், வாய்க்கால் வழிப் பாயும் நீர் போல நெறிப்பட்டுச் செல்கின்றது. சில இடங்களில் தேங்குகின்றது. அது தேங்கும் இடமே செடியின் உருவத்தை வகுக்கின்றது.

ஒளி ஒரு பக்கம் விழும்போது ஆக்ஸின் நிழற்பக்கத்தில் மிகுதியாகச் சேர்கின்றது. அங்குள்ள உயிரணுக்களின் சுவர் நெகிழ, அவை நீண்டு வளர்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாமையால் தண்டு ஒளியை நோக்கிச் சாய்கின்றது. கிடையாக வைத்த தண்டிலும் வேரிலும் அது கீழ்ப்பக்கத்தில் தேங்குகின்றது. தண்டின் வளர்ச்சியைத் தூண்டும் அதே அளவு வேரின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. ஆதலின் தண்டு மேல்நோக்கியும் வேர் கீழ்நோக்கியும் வளைகின்றன. ஒரே பொருள் ஓரிடத்தில் முடுக்கமாகவும் ஓரிடத்தில் கடிவாளமாகவும் அமைவது வியத்தற்குரியது.

தண்டின் உச்சியில் எங்கே ஆக்ஸின் திரள்கின்றதோ அங்கே புதிய இலையின் அரும்பு தோன்றும். அவ்வரும்பு சுற்றுப்புறத்து ஆக்ஸினையும் தன்பால் ஈர்த்துக்கொள்வதால் அடுத்த இலை சற்று விலகியே தோன்றும். இலைகள் ஒன்றையொன்று நெருக்காது ஒழுங்குற அமைந்திருத்தற்கு இஃதொரு காரணம். நுனியிலிருந்து இறங்கும் ஆக்ஸின் பக்க அரும்புகளை அடக்கி வைப்பதும் உண்டு. தோட்டக்காரர் செடியின் தலையைக் கிள்ளினால் அது பக்கங்களிற் கிளைத்துப் புதராகும். நட்ட கிளைத்துண்டு வேர்விடுதற்கும் ஆக்ஸின் துணைசெய்கின்றது. அதன் இயல்புடைய செயற்கைப் பொருள்கள் சில, அளவு மிகுந்தால் களைகளைக் கொல்லும் மருந்தாகவும் பயன்படுகின்றன.

நிறைவு

ஈயத் தகடும், கண்ணாடிக் குழாயும், சிறு விளக்கும், சில புல்விதைகளும் டார்வினின் கருவிகள். நோயுற்ற முதியவர் ஒருவரும், மனைவியை இழந்து வாடிய மகன் ஒருவரும் ஆய்வாளர்கள். வசதி நிறைந்த கூடங்களில் இருந்தோர் காணாததை அவர்கள் கண்டனர். அதற்குக் காரணம் கருவியின் சிறப்பன்று. கண்டதை ஐயுற்று, ஐயுற்றதைச் சோதித்து, சோதித்ததை மறைக்காது உரைத்த நேர்மையே ஆகும். அறிந்தவற்றிற்கும் அறியாதவற்றிற்கும் இடையே அவர் நேர்கோடு ஒன்று வரைந்து சென்றார். அக்கோட்டைப் பற்றியே பின்வந்தோர் நடந்தனர்.

சாளரத்தோரத்தில் ஒளியை நாடிச் சாயும் சிறு செடியை இனிக் காணும் பொழுதெல்லாம், அதன் நுனியிலிருந்து இறங்கும் கண்ணுக்குப் புலனாகாத துளியும், அத்துளி உண்டு எனக் காணாமலே கண்டுரைத்த முதியவரும் நம் நினைவிற்கு வருதல் தகும்.